பதினாறாவது செக்டார்

பழைய சிடி ஒன்று கையில் கிடைத்தால் அதிலுள்ள ஃபைல்களை நான் உடனே திறப்பதில்லை. வட்டில் பதிந்திருக்கும் பைட்டுகளை அப்படியே திரையில் ஓடவிட்டுப் பார்ப்பேன். தகவல் செக்டார் என்ற சம அளவுத் துண்டுகளாகப் பதிந்திருக்கும். தொடக்கத்தில் 16 செக்டார், அதாவது 32,768 பைட், பெரும்பாலும் வெறும் பூஜ்ஜியம்தான். அதைத் தாண்டியதும், பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் பதினாறாவது செக்டாரில், 'சிடி001' என்று ஐந்து எழுத்து வரும். அப்புறம் வட்டின் பெயர், மொத்த அளவு என்று ஒவ்வொன்றாக வரும். அதே செக்டாரில் 128 பைட் தள்ளி நாலு பைட் இருக்கும்: 00 08 08 00. ஒரு செக்டார் 2048 பைட் என்பதைத்தான் அங்கே எழுதியிருக்கிறார்கள் (பதினாறு அடிமானத்தில் 2048 என்பது 0800), அதுவும் இரண்டு தடவை. முதல் இரண்டு பைட், இன்டெல் சிப் படிக்கும் வரிசையில். அடுத்த இரண்டு, மோட்டரோலாவும் ஸ்பார்க்கும் படிக்கும் வரிசையில்.

இந்த ஓர் எண்ணோடு நிற்கவில்லை. வட்டு எவ்வளவு பெரியது, ஒவ்வொரு ஃபைலும் எந்தச் செக்டாரில் தொடங்குகிறது, எத்தனை பைட் நீளம், எல்லாமே இரட்டை இரட்டையாகத்தான் எழுதப்பட்டிருக்கும். எந்த மெஷினும் எண்ணைப் புரட்டிப் போட்டுப் படிக்க வேண்டியதில்லை. தனக்கானதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். ஒரு கம்பெனியின் மெஷினில் எழுதிய ஃபிளாப்பியை இன்னொரு கம்பெனியின் மெஷின் சீந்தாது என்பதே வழக்கமாக இருந்த 1980-களில், இப்படி யோசித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தங்கள் மேஜையில் இல்லாத மெஷின்களையும் மனதில் வைத்து அவர்கள் எழுதினார்கள். யூனிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடும், நெட்வொர்க்கில் கோத்த மெஷின்களோடு வேலை பார்த்த வருடங்களில் அதன் பலனை நான் நேரில் அனுபவித்தேன்.

1983-ல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து கொண்டுவந்த 'யெல்லோ புக்' என்ற சிடி தர விதிகள் செக்டார் மட்டத்தோடு நின்றுவிட்டன. ஒரு செக்டாருக்கு மொத்தம் 2352 பைட். அதில் 12 பைட் செக்டாரின் ஆரம்பத்தை அடையாளம் காண, 4 பைட் முகவரிக்கு, 2048 பைட் நம் தகவலுக்கு. மீதமுள்ள 288 பைட் பெரும்பாலும் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு. பாட்டு சிடியில் ஒரு பிட் பிசகினால் காது கண்டுகொள்ளாது. புரோகிராமில் பிசகினால் அது ஓடாது. அதனால்தான் பாட்டு சிடியில் ஏற்கெனவே இருந்த திருத்தத்துக்கு மேல் இன்னொரு அடுக்கு. விநாடிக்கு 75 செக்டார் என்ற கணக்கில், 1எக்ஸ் என்ற அடிப்படை வேகம் விநாடிக்கு 150 கிலோபைட். 74 நிமிட வட்டில் 3,33,000 செக்டார், சுமார் 650 மெகாபைட்.

ஆனால் ஃபைல் என்றால் என்ன, டைரக்டரியை எங்கே வைப்பது என்றெல்லாம் யெல்லோ புக் சொல்லவில்லை. ஆளுக்கொரு முறையில் வட்டு போட்டார்கள். அந்தந்த வட்டுக்கு அந்தந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேர் இருந்தால்தான் படிக்கலாம். 1985-ன் இறுதியில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், டாஹோ ஏரிப் பக்கம் இருந்த ஹை சியரா என்ற ஹோட்டலில் இதைப் பேசித் தீர்க்கக் கூடினார்கள். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், டிஜிட்டல் எக்விப்மென்ட், ஹிட்டாச்சி, சோனி, பிலிப்ஸ், 3எம் என்று சந்தையில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்த கம்பெனிகள். 1986-ல் ஒரு வடிவம் தயாரானது. அதற்கு ஹோட்டலின் பெயரே நின்றுவிட்டது. அதைச் சற்றே மாற்றி 1988-ல் ஐஎஸ்ஓ 9660 என்ற உலகத் தரமாக்கினார்கள்.

டாஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடிய மெஷின்களில் இதைப் படிக்க மைக்ரோசாஃப்ட் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். அன்றைய டாஸ் 32 மெகாபைட்டுக்கு மேல் ஒரு டிரைவைப் பார்க்கத் தெரியாதது. அதற்குத் தெரிந்த ஃபைல் அமைப்பும் ஒன்றே ஒன்றுதான். 650 மெகாபைட் வட்டை அதன் முன்னால் எப்படி வைப்பது? டாஸ் 3.1-ல் நெட்வொர்க்குக்காக ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். வேறு மெஷினில் இருக்கும் டிரைவ் என்றால் டாஸ் அதன் உள் அமைப்பைக் கேட்காது. ஃபைலைக் கொடு என்று மட்டும் கேட்கும். எம்எஸ்சிடிஎக்ஸ் என்ற புரோகிராம் அந்த வாசல் வழியாக உள்ளே நுழைந்தது. பக்கத்திலேயே கேபிளில் தொங்கும் சிடி டிரைவை, எங்கோ தூரத்தில் இருக்கும் நெட்வொர்க் டிரைவ் என்று டாஸிடம் அறிமுகப்படுத்தியது. நெட்வொர்க் கார்டே இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டரில்கூட சிடி ஒரு நெட்வொர்க் டிரைவாகத்தான் தெரிந்தது.

யூனிக்ஸ் பக்கம் கதை வேறு. நான் இருந்த லேபில் வரிசையாக ஸன் கம்பெனியின் வொர்க்ஸ்டேஷன்கள், அவற்றைக் கோத்து ஓடும் மெல்லிய கோஆக்ஸ் ஈதர்நெட் கேபிள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சிடி டிரைவ். அது தனிப் பெட்டி. விரல் தடிமன் ஸ்கஸி கேபிளில் சர்வரோடு சேர்ந்திருக்கும். ஸ்கஸியில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண் உண்டு; இது எண் 6-ல் இருக்க வேண்டும். ஸன் மெஷின் அங்கேதான் தேடும். வட்டை நேரடியாக உள்ளே வைக்க முடியாது. கேடி என்ற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையோடு தள்ள வேண்டும். டிரைவின் முதுகில் இரண்டு முனைகளை இணைக்கும் ஒரு குட்டி ஜம்பர் உண்டு. அதை மாற்றினால் 2048 பைட் செக்டாரை நாலாக வெட்டி 512 பைட்டாகக் கொடுக்கும். ஸன் தன் இன்ஸ்டாலேஷன் வட்டுகளில் ஹார்ட் டிஸ்கில் இருப்பது போலவே யூஎஃப்எஸ் என்ற யூனிக்ஸ் ஃபைல் அமைப்பில் பார்ட்டிஷன்களை வைத்திருந்தது. பூட் ஆகும்போது மெஷின் 512-ஐத்தான் எதிர்பார்க்கும். கடையில் வாங்கிய டிரைவில் அந்த ஜம்பர் இல்லையென்றால் ஸன்னில் பூட் ஆகாது. சில தோஷிபா டிரைவ்களில் சர்க்கியூட் போர்டில் இருக்கும் சால்டர் இணைப்பை அறுத்து இந்த வேலையைச் செய்தார்கள்.

ஒரே டிரைவை எல்லோருக்கும் கொடுப்பது யூனிக்ஸில் சுலபம். சர்வரில் வட்டைப் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்து (அதாவது ஒரு டைரக்டரியாக இணைத்து), அந்த டைரக்டரியை, நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக வெளியே விட்டால் போதும். ஒவ்வொரு வொர்க்ஸ்டேஷனிலும் அது உள்ளூர் டைரக்டரி போலவே தெரியும். ஸன் தன் மேனுவல்களை ஆன்ஸர்புக் என்ற பெயரில் சிடியிலேயே கொடுத்தது. அலமாரி நிறைய இருக்க வேண்டிய புத்தகங்கள் எல்லா மேஜைக்கும் ஒரே வட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தன. இதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்றைக்குச் சொன்னால் புரிய வைப்பது கொஞ்சம் கஷ்டம்.

ஆனால் இரண்டு பேர் ஒரே சமயத்தில் வட்டின் இரண்டு மூலைகளைக் கேட்டால் அவ்வளவுதான். 10 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு 2எக்ஸ் டிரைவின் 300 கிலோபைட் ஒரு சுமையே அல்ல. சிக்கல் டிரைவுக்குள்ளேயே இருந்தது. சிடியின் தடம் ஒரே நீளச் சுருள். லேசருக்குக் கீழே தடம் எப்போதும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்பதால், 1எக்ஸில் உள்விளிம்பில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளிவிளிம்பில் சுமார் 200 சுற்று. லேசர் தலை இடம் மாறினால் மட்டும் போதாது. மோட்டாரும் வேகத்தை மாற்றி நிலைக்கு வர வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் அரை விநாடியை நெருங்கும். என்எஃப்எஸ் ஒரு தடவைக்குக் கேட்பது 8 கிலோபைட். இரண்டு பேர் மாறி மாறிக் கேட்டால் 300 கிலோபைட் டிரைவ் 20 கிலோபைட்டுக்கு இறங்கிவிடும். பெட்டிக்குள் மோட்டார் ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டே எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

ஐஎஸ்ஓ 9660-ஐ வகுத்தவர்களுக்கு இந்தத் தாவலின் விலை நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் வட்டில் பாத் டேபிள் என்ற ஒன்றை வைத்தார்கள். எல்லா டைரக்டரிகளின் பெயரும் முகவரியும் ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும். அதை ஒரு தடவை மெமரிக்குக் கொண்டுவந்துவிட்டால், ஐந்தாறு படி ஆழத்தில் இருக்கும் டைரக்டரிக்கும் ஒரே தாவலில் போகலாம்.

இன்னொரு தொல்லை, வட்டை மாற்றுவது. "சார், அந்த சிடி எங்களுக்கு வேணும், எடுத்துக்கட்டுமா?" என்று யாராவது வந்து நிற்பார்கள். மவுன்ட் ஆகியிருக்கும்வரை டிரைவ் வட்டை விடாது. யூனிக்ஸே பூட்டி வைத்திருக்கும். மவுன்ட்டை எடுக்கப் போனால், சர்வரில் யாரோ ஒருவருடைய ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கும் புரோகிராம், அந்த டைரக்டரிக்குள் உட்கார்ந்திருக்கும். டிவைஸ் பிஸி என்று பதில் வரும். அவரைக் கண்டுபிடித்து வெளியே வரச்சொல்லி வட்டை எடுத்தால், அடுத்த அறையில் என்எஃப்எஸ் வழியாகப் படித்துக்கொண்டிருந்தவருக்குத் திரையில் 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்று வந்து நிற்கும். வட்டு அவர் கண்ணுக்கே தெரியாத அறையில் இருக்கிறது. எடுத்தது யார் என்றும் அவருக்குத் தெரியாது. அதனால் எங்கள் லேபில் வட்டை எடுப்பதற்கு முன் எல்லா மெஷினுக்கும் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, சிறிது நேரம் காத்திருந்து எடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

பெயர்கள் பெரிய தலைவலி. ஐஎஸ்ஓ 9660-ன் முதல் படிநிலையில் ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளி, அப்புறம் மூன்று எழுத்து. ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும்தான் ஆகும். டைரக்டரி எட்டு நிலை ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. பெயரின் வாலில் அரைப்புள்ளியும் 1-ம் ஒட்டிக்கொண்டிருக்கும். டிஜிட்டல் எக்விப்மென்ட்டின் விஎம்எஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஒவ்வொரு ஃபைலுக்கும் பதிப்பு எண் உண்டு. அந்த வழக்கம் தரத்துக்குள்ளும் வந்துவிட்டது. டாஸில் ஒரு குறையும் தெரியாது. யூனிக்ஸிலோ பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. அரைப்புள்ளி போட்டால் ஷெல் அதைக் கட்டளையின் முடிவு என்று எடுத்துக்கொள்ளும். யாருக்கு உரிமை, யார் ஓட்டலாம் என்ற விவரமும் வட்டில் கிடையாது. ஒரு ஃபைல் இன்னொன்றைச் சுட்டும் சிம்பாலிக் லிங்க்கும் கிடையாது. யூனிக்ஸ் சாஃப்ட்வேர் ஒன்றை அப்படியே வட்டில் வைத்தால், வெளியே எடுக்கும்போது அது ஓடாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே டார் ஃபைலாகக் கட்டி வைத்தார்கள். அப்படிச் செய்தால், வட்டிலிருந்தே நேரடியாக ஓட்டும் வசதி போய்விடும்.

இதற்குத் தீர்வு அந்தத் தரத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது. டைரக்டரியில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பதிவு உண்டு. அதன் முதல் பைட், பதிவின் மொத்த நீளம். 33 பைட் வரை எதற்கு எது என்று வரையறுத்திருக்கிறது. 34-ஆவது பைட்டில் பெயர் தொடங்கும். பெயர் முடிந்த பிறகும் நீளத்தில் மிச்சம் இருந்தால், அந்த இடம் 'சிஸ்டம் யூஸ்'. அதில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், நாங்கள் கேட்க மாட்டோம் என்று தரம் விட்டுவிட்டது. பந்தியில் இன்னும் வந்து சேராதவருக்கும் ஒரு இலை போட்டு வைப்பது போல.

1990-களின் தொடக்கத்தில் யூனிக்ஸ்காரர்கள் அந்த இலையில் வந்து உட்கார்ந்தார்கள். ராக் ரிட்ஜ் என்று அவர்கள் ஏற்பாட்டுக்குப் பெயர். ஹாலிவுட் நகைச்சுவைப் படம் ஒன்றில் வரும் ஊரின் பெயர் அது. அதன் அமைப்பு எளிமையானது. மிச்ச இடத்தில் சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டெழுத்து அடையாளம், அதன் நீளம், பிறகு விஷயம். 'என்எம்' என்றால் ஃபைலின் உண்மையான பெயர், சின்ன எழுத்தோடும் நீளத்தோடும். 'பிஎக்ஸ்' என்றால் உரிமையாளரும் அனுமதிகளும். 'எஸ்எல்' சிம்பாலிக் லிங்க்குக்கு, 'டிஎஃப்' நேரங்களுக்கு. நீளம் ஒரே பைட்டில் இருப்பதால் பதிவு 255 பைட்டைத் தாண்ட முடியாது. இடம் போதவில்லையென்றால் 'சிஇ' என்ற துண்டு, மீதி வட்டில் எங்கே இருக்கிறது என்று சொல்லும். எட்டு நிலைக்கு மேல் ஆழமான டைரக்டரிகளை வேறிடத்தில் வைத்துவிட்டு, பழைய இடத்தில் இருப்பது போலவே காட்டுவதற்கும் துண்டுகள் உண்டு.

டாஸ் மெஷினுக்கு இதில் எதுவும் தெரியாது. அது பதிவின் நீளத்தைப் பார்க்கும், பெயரைப் படிக்கும், அடுத்த பதிவுக்குத் தாவிவிடும். அதே வட்டை ஸன் மெஷினில் போட்டால் யூனிக்ஸ் பெயர்களும் அனுமதிகளும் லிங்க்குகளும் முழுசாக வந்து நிற்கும். ஒரு வட்டு, இரண்டு உலகம், ஒருவருக்கொருவர் தொந்தரவில்லை. ராக் ரிட்ஜைப் படிக்கத் தெரியாத யூனிக்ஸ்களும் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஹெச்பி கம்பெனியின் யூனிக்ஸான ஹெச்பி-யூஎக்ஸில் சாதாரணமாக மவுன்ட் செய்தால் பெரிய எழுத்தும் அரைப்புள்ளியும்தான் வரும்; பிஎஃப்எஸ் என்று தனியாக ஒரு ஏற்பாட்டை ஓடவிட்ட பிறகுதான் உண்மைப் பெயர்கள் தெரியும்.

மைக்ரோசாஃப்ட் 1995-ல் கொண்டுவந்த ஜோலியட் வேறு வழியில் போனது. பதினாறாவது செக்டாரில் இருக்கும் விவரப் பலகைக்குப் பக்கத்தில் துணைப் பலகைகளையும் வைக்க ஐஎஸ்ஓ 9660 இடம் கொடுத்திருந்தது. ஜோலியட் அங்கே இரண்டாவது டைரக்டரி மரம் ஒன்றை நட்டது, யூனிகோடில். ஃபைல்கள் அதே ஃபைல்கள். பெயர்கள் மட்டும் இரண்டாவது தடவை. வட்டில் ஒரு ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்க வழி பிறந்தது இதில்தான். பெயருக்கு 64 இடம். 'கல்வெட்டு' என்று எழுதினால் நமக்கு ஐந்து எழுத்து, யூனிகோடுக்கு ஒன்பது இடம். அதனால் நீளமான தமிழ்ப் பெயர்கள் சீக்கிரமே வெட்டுப்படும். இருந்தாலும் வழி இருந்தது.

தேதி எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஃபைலின் தேதிக்கு 7 பைட். முதல் பைட், 1900-லிருந்து எத்தனை ஆண்டு. ஒரு பைட்டில் 255 வரை போகலாம் என்பதால் 2155 வரைக்கும் தாங்கும். 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினையில் உலகமே பதறியபோது இந்த வட்டுகளின் தேதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழாவது பைட், கிரீன்விச் நேரத்திலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்பது. அதை மணிக்கணக்கில் வைக்காமல் 15 நிமிடக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். மணிக்கணக்கில் வைத்திருந்தால் நம் ஐந்தரை மணியை அதில் எழுத முடியாது. இப்போது இந்தியாவில் எழுதிய வட்டில் அந்த இடத்தில் 22 இருக்கும். நேபாளத்தில் எழுதியதில் 23. டாஹோவில் தொடங்கிய வேலையில் யாரோ ஒருவர் நம் பக்கத்துக் கடிகாரத்தையும் நினைத்திருக்கிறார்.

தொடக்கத்தில் காலியாக விட்ட அந்த 16 செக்டாரும் வீண் போகவில்லை. அது சிஸ்டம் தன் இஷ்டப்படி எழுதிக்கொள்ள விட்ட இடம். 20 வருடம் கழித்து, 2008 வாக்கில், சிஸ்லினக்ஸ் என்ற பூட் புரோகிராமை எழுதும் ஆட்கள் அங்கே ஹார்ட் டிஸ்குக்கான பூட் பகுதியை எழுதி வைத்தார்கள். அதனால் அதே ஐஎஸ்ஓ இமேஜை (முழு வட்டின் நகலான ஒரே ஃபைலை) யூஎஸ்பி குச்சியில் போட்டாலும் பூட் ஆகிறது. இன்றைக்கு லினக்ஸ் நிறுவுகிறவர்கள் பலரும் இந்த வழியில்தான் நிறுவுகிறார்கள்.

சரி, இவ்வளவும் வட்டைப் படிப்பது பற்றி. ஒரு வட்டைத் தயாரிப்பது இதைவிடப் பெரிய காரியம்.

எழுதும் டிரைவ்கள் வருவதற்கு முன்னால் தகவலை டேப்பில் ஏற்றி ஆலைக்கு அனுப்ப வேண்டும். 9 டிராக் டேப் சுருள் ஒன்றில் 150 மெகாபைட் அளவுக்குத்தான் கொள்ளும் என்பதால் ஒரு வட்டுக்கு நாலைந்து சுருள். பிறகு 8 மில்லிமீட்டர் எக்ஸாபைட் டேப் வந்தது. ஒரே கேசட்டில் முடிந்தது. ஆலையில் கண்ணாடித் தட்டில் லேசரால் செதுக்கி, அதிலிருந்து நிக்கல் அச்சு எடுத்து, பாலிகார்பனேட்டில் அழுத்துவார்கள். இந்தியானாவின் டெர்ரெ ஹோட்டில் சோனியின் ஆலை, விஸ்கான்சினின் மெனாமனியில் 3எம்மின் ஆலை. அச்சு போட்ட பிறகு ஒரு ஃபைல் விட்டுப்போனது தெரிந்தால் முழுச் செலவும் மறுபடி முதலிலிருந்து.

எழுதும் வட்டு ஜப்பானில் பிறந்தது. டையோ யூடன் கம்பெனியில் 1988-ல் சயனின் சாயத்தை வைத்துச் செய்தார்கள். மேலே தங்கப் பூச்சு, உள்ளே சாயம்; இரண்டும் சேர்ந்து பச்சையாக மின்னும். லேசர் பட்ட இடத்தில் சாயம் மாறும், படிக்கும் டிரைவ் அதைப் பள்ளம் என்று எடுத்துக்கொள்ளும். 1990-ல் ஆரஞ்சு புக் என்ற தர விதிப் புத்தகம் இதைத் தரப்படுத்தியது. ஆரம்பத்தில் எழுதும் டிரைவ் ஒன்றின் விலைக்கு நல்ல வொர்க்ஸ்டேஷனே வாங்கலாம். 1995-ல் ஹெச்பியின் '4020i' மாடல்தான் 1000 டாலருக்குக் கீழே வந்த முதல் எழுதும் டிரைவ்.

எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. எழுதும் வட்டான சிடி-ஆருக்கு அன்று அதுதான் சட்டம். 2எக்ஸில் முழு வட்டுக்கு 37 நிமிடம். அவ்வளவு நேரமும் விநாடிக்கு 300 கிலோபைட் சீராக டிரைவுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். டிரைவில் 1 மெகாபைட் பஃபர், அதாவது தகவலைத் தற்காலிகமாகத் தேக்கும் மெமரி, இருந்தால், கம்ப்யூட்டர் மூன்று விநாடிக்கு மேல் தாமதித்தால் பஃபர் வற்றிவிடும். வற்றியதும் லேசர் அணையும், வட்டு குப்பைக்குப் போகும். கம்ப்யூட்டர் தாமதிக்கக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கால ஹார்ட் டிஸ்குகள் சூட்டுக்கு ஏற்பத் தங்களைச் சரிபார்த்துக்கொள்ள அவ்வப்போது வேலையை நிறுத்தும். நூற்றுக்கணக்கான சின்ன ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பதற்குள் டிரைவ் பசியில் துடித்துப் போகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி நெட்வொர்க். ஒரு வட்டை லேப் முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்த அதே கேபிள், எழுதும் நேரத்தில் ஆகவே ஆகாது. 10 மெகாபிட்டில் 300 கிலோபைட் சராசரிக்குத் தாராளமாகப் போகும். ஆனால் சிடி எழுத சராசரி உதவாது. வேறு யாரோ ஒரு பெரிய ஃபைலை இழுத்தாலும், என்எஃப்எஸ் சர்வர் ஒரு பாக்கெட்டைத் தவறவிட்டு மறுபடி கேட்டாலும், அந்த இடைவெளி பஃபரைக் காலி செய்துவிடும். அதனால் விதி இதுதான்: முதலில் முழு வட்டையும் ஒரே ஐஎஸ்ஓ இமேஜாக உள்ளூர் டிஸ்கில் தயார் செய். அந்த டிஸ்க்கும் எழுதும் டிரைவும் முடிந்தால் தனித்தனி ஸ்கஸி கேபிளில் இருக்கட்டும். இரவில் தானாக ஓடி டிஸ்கைத் துழாவும் க்ரான் வேலைகளை நிறுத்து. எங்கள் லேபில் எழுதும் மெஷினின் மானிட்டரில் ஓர் அட்டையைத் தொங்கவிடுவோம்: 'வட்டு எழுதுகிறது. கீபோர்டைத் தொடாதீர்கள்.' அந்த அட்டை தொங்கும் நேரத்தில் யாரும் சத்தமாக நடக்கக்கூட மாட்டார்கள்.

இமேஜ் தயாரிக்க யூனிக்ஸில் எங்களுக்குக் கிடைத்தது எம்கேஐஸோஎஃப்எஸ். எரிக் யங்டேல் 1993-ல் எழுதி இலவசமாகக் கொடுத்தார். ஒரு டைரக்டரியைக் காட்டினால் ராக் ரிட்ஜோடு சேர்த்து இமேஜ் செய்து கொடுக்கும். அதை வட்டில் ஏற்ற யோர்க் ஷில்லிங்கின் சிடிரெக்கார்ட், 1996-லிருந்து. 2021-ல் காலமான ஷில்லிங் ஒரு ஜெர்மானியர். அவர் பலரோடும் கடுமையாக வாதாடுவார். ஆனால் அவர் புரோகிராமைப் பயன்படுத்தியவர்களுக்கு அதன் அக்கறை தெரியும். அது இரண்டு புராசஸாகப் பிரிந்துகொள்ளும்: ஒன்று டிஸ்கிலிருந்து படித்து மெமரியில் பெரிய தொட்டியை நிரப்பும், இன்னொன்று தொட்டியிலிருந்து டிரைவுக்கு அனுப்பும். மெமரியை யூனிக்ஸ் வெளியே தள்ளிவிடாமல் பூட்டிக்கொள்ளும். தனக்கு மற்ற எல்லாரையும்விட உயர்ந்த முன்னுரிமையை வாங்கிக்கொள்ளும். லேசரை அணைத்துவிட்டு முழு வேலையையும் ஒத்திகை பார்க்கவும் வழி உண்டு. நிஜமாக எழுதுவதற்கு முன், நிறுத்த இதுவே கடைசி வாய்ப்பு என்று சொல்லி 9 விநாடி எண்ணும். அந்த 9 விநாடியில் அறையில் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

எழுதி முடித்ததும் வட்டை இமேஜோடு பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்ப்போம். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. டிரைவ் லேசரை அணைக்கும் இடத்தில் ஓரிரண்டு செக்டார் படிக்க முடியாததாக இருக்கும். யூனிக்ஸ் முன்கூட்டியே படிக்கிறேன் என்று அங்கே போய் முட்டிக்கொண்டு, நல்ல வட்டையும் கெட்டது என்று சொல்லிவிடும். பின்னாளில் எம்கேஐஸோஎஃப்எஸ் வாலில் 150 செக்டார் பூஜ்ஜியம் சேர்க்கத் தொடங்கியது இதற்காகத்தான். வட்டை முழுக்க எழுதாமல் பகுதி பகுதியாக எழுதலாம் என்றால், முதல் பகுதியை மூடவும் அடுத்ததைத் திறக்கவும் சுமார் 22 மெகாபைட் வீணாகும், பிறகு ஒவ்வொன்றுக்கும் சுமார் 13. 2000-ல் சான்யோவின் பர்ன்-ப்ரூஃப் வந்து, பஃபர் வற்றினால் நிறுத்திவிட்டு அதே இடத்திலிருந்து தொடரும் வழியைக் கொடுத்த பிறகு அட்டை தொங்கவிடும் வழக்கம் மறைந்தது.

இவ்வளவு பாடுபட்டு வட்டு போட்டது எதற்கு? நெட்வொர்க்கில் இருந்ததை நெட்வொர்க் இல்லாதவர்களுக்குக் கொண்டுபோக. கலிஃபோர்னியாவின் வால்நட் க்ரீக்கில் பாப் புரூஸ் 1991-ல் தொடங்கிய வால்நட் க்ரீக் சிடிராம் அந்த வேலையைச் செய்தது. நியூ மெக்ஸிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் ராணுவத் தளத்தில் இருந்த சிம்டெல்20 என்ற மெஷினில் குவிந்திருந்த டாஸ் புரோகிராம்களை வட்டில் போட்டு விற்றார்கள். அப்புறம் ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ், ஸ்லாக்வேர் என்ற லினக்ஸ் எல்லாம். அதே சரக்கை நெட்வொர்க் வழியாக இலவசமாக எடுத்துக்கொள்ள எஃப்டிபி சர்வரும் வைத்திருந்தார்கள். 1992-ன் இறுதியில் ஆடம் ரிக்டரின் யக்ட்ரசில், லினக்ஸை வட்டிலிருந்தே ஓட்டலாம் என்று காட்டியது. தொடங்கி வைக்க ஒரு ஃபிளாப்பி போதும்.

600 மெகாபைட்டை 14.4 மோடத்தில் இறக்க, இணைப்பு அறுந்து போகாமல் இருந்தால், கிட்டத்தட்ட நாலு நாள், ராத்திரி பகலாக. கல்லூரிகளில் முழு வளாகத்துக்கும் சேர்த்து 64 கிலோபிட் இணைப்பு இருந்தால் அதுவே பெரிய விஷயம். வேறு யாரும் ஒரு கடிதம்கூட அனுப்பாமல் விட்டுக்கொடுத்தால் ஒரு முழு நாள். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல், விஎஸ்என்எல் வழியாக. அடுத்த வருடம் பிசி க்வெஸ்ட் பத்திரிகை ஸ்லாக்வேர் லினக்ஸை இலவச சிடியாகக் கொடுத்தது. நம் ஊர்ப் பக்கம் லினக்ஸ் தெரிந்த பலர் அதை நெட்வொர்க்கில் பார்த்ததே இல்லை; அவர்களுக்கு அது பத்திரிகையோடு வந்த வட்டு. அந்த ஒரு சிடி விடுதி அறை விடுதி அறையாகப் போய், கீறல் விழுந்து, யாரோ படியெடுத்து, மறுபடி சுற்றும். அந்த வட்டுகளைத் தயாரித்தவர்களுக்கு நாம் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியாக, இப்போது செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து வட்டுகள் உங்கள் அலமாரியிலோ கல்லூரி லேபின் மூலையிலோ கிடந்தால், இமேஜாக எடுத்து வையுங்கள். ஆலையில் அச்சிட்டதைவிட நாம் எழுதிய சிடி-ஆர்தான் முதலில் போகும். அதன் சாயம் வெயிலில் கெடும். கீறலைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கீழ்ப்பக்கத்தையே பார்க்கிறார்கள். உண்மையில் ஆபத்து மேல்பக்கத்தில். பேர் எழுதும் பக்கத்தில் உலோகப் பூச்சுக்கு மேலே மெல்லிய அரக்குதான் இருக்கிறது. ஒட்டிய லேபிளை உரிக்க வேண்டாம். உரித்தால் பூச்சும் கூடவே வந்துவிடும்.

ஃபைல்களை மட்டும் விண்டோஸில் இழுத்துப் போட்டால் ராக் ரிட்ஜ் துண்டுகள் போய்விடும். அனுமதிகளும் லிங்க்குகளும் திரும்பக் கிடைக்காது. முழு வட்டையும் முதல் செக்டாரிலிருந்து எடுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராமுக்கு 2048 பைட் அளவைச் சொல்லி ஓடவிட்டால், படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, முடியாததற்குப் பிறகு திரும்பி வரும். ஒரு டிரைவ் படிக்காத செக்டாரை இன்னொரு டிரைவ் படிக்கும். எதைப் படித்தாயிற்று என்று டிடிரெஸ்க்யூ குறித்து வைக்கும் பதிவு ஃபைலோடு வேறு டிரைவில் தொடரலாம். பழைய ஸன் வட்டைப் போட்டதும் விண்டோஸ் காலி என்று சொன்னால் நம்பி எறிந்துவிடாதீர்கள். அதில் யூஎஃப்எஸ் இருக்கலாம். இமேஜ் எடுத்த பிறகு லினக்ஸில் யூஎஃப்எஸ், ஸன் வகை, படிக்க மட்டும் என்று சொல்லி மவுன்ட் செய்து பாருங்கள்.